திரை போட்டால் வெளிச்சம்

கல்யாண மண்டபங்களில் என்னை லைட் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வயதில், வீடியோக்காரருக்குப் பின்னால் ஹாலஜன் விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிய காலத்தில், அந்தப் பாய்க்குப் பையன் என்று அர்த்தம். சொந்தமாக இரண்டு ஜெனரேட்டர், ஒரு லோடு ஆட்டோ, ஒரு தெருவையே சுற்றிக் கட்டும் அளவுக்கு சீரியல் பல்பு என்று ஆகி, தாடியும் நரைத்த பிறகு, அதே பாய் மரியாதைக்குரிய பாய் ஆகிவிட்டது. எழுத்து மாறவில்லை. கடை போர்டை மாற்றும் வேலையும் மிச்சம். ஒரே பெயரில் கூலிக்காரனாகவும் முதலாளியாகவும் இருந்தவன் திருவண்ணாமலையில் நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும்.

நான் மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதிதான். மீதிப் பாதியில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விடும் கடையில் மேண்டில் கட்டக் கற்றுக்கொண்டேன். படித்தவர்கள் வெளிச்சத்தைப் பற்றி என்னென்னவோ சொல்வார்கள். நான் வெளிச்சத்தைக் கையால் தொட்டுச் சுட்டுக்கொண்டவன். தீபத் திருவிழாவுக்கு வரும் கூட்டம் மலையை அண்ணாந்து பார்க்கும். கழுத்து வலித்துக் கீழே குனிந்தால் தேரடித் தெருவில் என் பல்புகளைத்தான் பார்க்க வேண்டும். மலைக்கு அடுத்தபடி நான் என்று நான் சொல்லவில்லை. ஜனங்கள் பார்க்கும் வரிசை அப்படி அமைந்திருக்கிறது.

இப்படிப்பட்டவனுக்குப் பெங்களூரில் இருக்கும் மகள் ஒரு டேப்லட் வாங்கி அனுப்பினாள். பேரப்பிள்ளையின் முகத்தைப் பெரிதாகப் பார்க்கலாம் என்பது அவள் கணக்கு. பேரப்பிள்ளை ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓர் இடத்தில் உட்காருவதில்லை. மிச்ச நேரத்துக்கு நான் என்ன செய்வது? உள்ளே நோண்டிப் பார்த்தேன். வீடியோவை வெட்டி ஒட்டும் செயலி ஒன்று அகப்பட்டது. மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டேன். அவ்வளவுதான், மூன்று வேளை சோறு இரண்டு வேளையாக ஆனது.

ஒரு வீடியோ மேல் இன்னொரு வீடியோவை வைத்தால் மேலே இருப்பது கீழே இருப்பதை மறைத்துவிடும். இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்தச் செயலியில் கலப்பு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டால் ஒரு பட்டியல் விழும். இயல்பு, பெருக்கு, கூட்டு, திரை என்று ஏகப்பட்டது. ஒவ்வொன்றைத் தொடும்போதும் மேல் படமும் கீழ் படமும் ஒவ்வொரு விதமாக ஒன்றுக்குள் ஒன்று இறங்குகின்றன. எங்கள் வீட்டு வெள்ளாட்டுக் குட்டி அண்ணாமலை உச்சியில் நடந்து போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். மாடித் தொட்டியில் பிடித்த தண்ணீர் அலையைக் கொண்டுபோய் மலைமேல் போட்டால் மலையே மூச்சு வாங்கியது. அறுபது வயதுக்கு மேல் மனிதனுக்கு இப்படி ஒரு கொண்டாட்டம் கிடைக்கும் என்று யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால், இன்னும் சீக்கிரமாக அறுபதுக்கு வந்திருப்பேன்.

முதலில் நான் ஏமாந்தது பெருக்கில்தான். பெருக்கல் என்றால் ஜாஸ்தியாகும். ரெண்டை ரெண்டால் பெருக்கினால் நாலு, அதுவரைக்கும் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஆகையால் வெளிச்சத்தை வெளிச்சத்தால் பெருக்கினால் கண் கூசப் போகிறது என்று நினைத்துத் தொட்டேன். படம் இருண்டு போனது. பெருநாள் வாழ்த்துக்காக வெள்ளைக் காகிதத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிப் படம் பிடித்து மலை வீடியோ மேல் வைத்திருந்தேன். காகிதத்தின் வெள்ளை மொத்தமும் காணாமல் போய், என் கையெழுத்து மட்டும் மலைமேல் நின்றது. மிஷின் கெட்டுவிட்டது என்று கத்தினேன்.

என் மனைவி அப்போது துடைப்பத்தோடு கூடத்தில் இருந்தாள். வந்து எட்டிப் பார்த்தாள். என்ன பொத்தான் தொட்டீர்கள் என்று கேட்டாள். பெருக்கு என்றேன்.

"பெருக்குனு சொன்னா பெருக்கும். வெள்ளையெல்லாம் பெருக்கித் தள்ளிடுச்சு, கறுப்பு ஒட்டிக்கிச்சு. நம்ம வீட்டுத் தரை மாதிரிதான். இதுக்கு எதுக்குங்க கத்துறீங்க?"

அவள் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவள். ஆனால் அவள் சொன்னது நூற்றுக்கு நூறு. அதற்கப்புறம் யோசித்துப் பார்த்தால் இது என் தொழிலிலேயே இருக்கிற விஷயம். ஃபோகஸ் லைட் முகத்தில் சிவப்புக் கலர் பேப்பர் கட்டி, அதன்மேல் பச்சைப் பேப்பரும் கட்டினால் வெளிச்சம் கூடுமா? இருட்டும். பேப்பர்மேல் பேப்பர், அதுதான் பெருக்கு. நாற்பது வருடமாக நான் செய்து வந்ததற்குப் பெயர் வைத்து என்னிடமே விற்கிறார்கள்.

கூட்டு என்ற பொத்தானைக் காட்டியபோது, கூட்டு இருக்கிறதே பொரியல் எங்கே என்று கேட்டாள். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

திரையை மட்டும் நான் தொடவேயில்லை. திரை என்றால் என்ன? மறைக்கிற துணி. எங்கள் கல்யாணங்களில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே கட்டுவது. அதையும் நான்தான் கட்டுவேன். வெளிச்சம் போடுகிறவனுக்குப் படத்தின்மேல் திரை எதற்கு என்று விட்டுவிட்டேன். அந்தத் தப்பு எவ்வளவு பெரிய தப்பு என்பது கீழ்பென்னாத்தூர் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

கீழ்பென்னாத்தூரில் எனக்கு ஒரு சிநேகிதர். மல்லாட்டை விவசாயி, அதாவது நிலக்கடலை. ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு மூட்டை பச்சை மல்லாட்டை என் வீட்டு வாசலில் இறங்கும். நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னைப் பாய் என்பார். அவர் சம்சாரம் எனக்குத் தங்கச்சி. அவர்களுடைய ஒரே பெண், பிறந்த நாளிலிருந்து என்னை மாமா என்று கூப்பிடுகிறவள். அவளுக்குக் கல்யாணம். மண்டபத்து விளக்கு முழுக்க என் சீர். மேடைக்கு மட்டும் நானே ஒயர் இழுத்தேன். வேறு யார் கையும் அதில் படக்கூடாது என்றேன். இந்த வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை முகூர்த்தம். ஜன்னலையெல்லாம் அலங்காரத் துணி மூடியிருந்தது. மேடை சினிமா மாதிரி தெரிய வேண்டும் என்று வீடியோக்காரர் கேட்டுக்கொண்டதால் கூடத்து விளக்கையெல்லாம் அணைத்துவிட்டோம். மேடையில் மட்டும் என் விளக்குகள் கொட்டிக்கொண்டிருந்தன. நான் மேடையின் ஓரத்தில் நின்று, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு என் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாற்பது வருடம், எத்தனை கல்யாணம், ஒரு தடவைகூட என் லைட் நின்றதில்லை என்று கையை ஆட்டிச் சொல்லும்போது காலில் பூ நார் ஏதோ சுற்றியது. உதறினேன்.

கெட்டிமேளம் கொட்டுகிறது. மாப்பிள்ளை தாலியைக் கழுத்துக்குக் கொண்டுபோகிறார். மேடை இருண்டது.

இருட்டு என்றால் சாதாரண இருட்டு இல்லை. பெண்ணுக்குப் பின்னால் நாத்தனார் பிடித்திருந்த விளக்கில் ஒரு துளி சுடர், அதைத் தவிர ஒன்றும் கிடையாது. மேளக்காரர்கள் நிறுத்தவில்லை, அவர்களுக்குக் கண் வேண்டியதில்லை. நான் தடுமாறிப் போய்த் தடவிப் பார்த்தால் பிளக் பாதி கழன்று கிடந்தது. அழுத்திச் சொருகினேன். பத்து எண்ணுவதற்குள் வெளிச்சம். வேறு எவனாக இருந்தாலும் அரை மணி நேரம் ஆகியிருக்கும் என்று அங்கேயே சொன்னேன். மண்டபத்து சாக்கெட் லூஸ் என்றும் சொன்னேன். ஆனால் அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. அட்சதை போடுகிறவர்கள் குத்துமதிப்பாகப் போட்டார்கள். பாதி புரோகிதர் மேல்.

மாப்பிள்ளையின் அத்தை மேடையிலேயே ஒரு வார்த்தை சொன்னார். "இத்தினி ஜனம் வந்தும், யாருமே பாக்காத தாலியா போச்சே."

அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். ஆனால் அந்த வார்த்தை என் தங்கச்சியின் காதில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது.

மறுநாள் மச்சான் என் வீட்டுக்கு வந்தார். மூட்டை இல்லாமல் அவர் என் வாசலில் நின்றதை அன்றுதான் பார்த்தேன். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. சம்சாரம் சாப்பிடுவதில்லை, பெண்ணின் பெயரைச் சொன்னாலே அழுகிறாள், தாலி ஏறும்போது விளக்குப் போனது எதற்கு அடையாளமோ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் வருவார்கள், டி.வி.யில் கல்யாண வீடியோ போட்டாக வேண்டும். தாலி வரும் இடத்தில் கறுப்பாக நின்றால் அத்தை சொன்ன வார்த்தை காலத்துக்கும் நிலைத்துவிடும். வீடியோக்காரரைக் கேட்டதற்கு, அந்த இடத்தை வெட்டிவிட்டு இரண்டு புறாவும் ஓர் இதயமும் பறக்க விடுகிறேன் என்றாராம்.

"புறா வந்து தாலி கட்டுச்சானு கேப்பாங்க பாய். நீதான் எதுனா செய்யணும். லைட்டு உன்னுது."

லைட் என்னுடையதுதான். நான் செய்கிறேன் என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. ஆனால் எப்படி என்று தெரிந்துகொண்டு வேலையை ஒப்புக்கொண்டிருந்தால் நான் இன்றைக்கும் மேண்டில்தான் கட்டிக்கொண்டிருப்பேன்.

வீடியோக்காரரிடமிருந்து கெட்டிமேளம் தொடங்கி அந்தப் பத்து எண்ணிக்கை இருட்டு வரைக்கும் டேப்லட்டில் வாங்கி வந்தேன். அந்த மனிதர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். இருட்டு வரும்வரை கேமராவைத் தாலிக்குக் கிட்டத்தில் வைத்திருந்தவர், இருண்டதும் பயந்துபோய் எட்டத்துக்கு இழுத்துவிட்டார். ஆகையால் மேடை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை படத்தில் இருந்தது. இருந்து என்ன, பெரிய வெளிச்சத்துக்கு வைத்த கேமராவில் சின்ன விளக்கு என்ன தெரியும்? தார் டின்னுக்குள் ஒரு மின்மினி.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்து வந்து, சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்தப் படத்தின்மேல் அதே படத்தை இன்னொரு தடவை வைத்தேன். கூட்டு பொத்தானைத் தொட்டேன். கொஞ்சம் தெரிந்தது. இன்னொன்று, இன்னொன்று என்று வைத்தேன். விளக்குச் சுடர் உருண்டு திரண்டு ஒரு வெள்ளைப் பூசணிக்காயாகி, மாப்பிள்ளையின் கையை விழுங்கிவிட்டது. சுடரும் கூடுகிறது, கூடிக்கொண்டே போய் எல்லை இல்லாமல் கொதிக்கிறது. கம்மி பண்ணினால் இருட்டு. ஜாஸ்தி பண்ணினால் பூசணிக்காய். பட்டியலில் இருந்த மற்றதையெல்லாம் தொட்டேன். ஒன்று பெண்ணை நீலமாக்கியது. ஒன்று புரோகிதரைப் பேயாக்கியது.

என் மனைவி தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"எல்லாத்தையும் தொட்டீங்க, திரையை மட்டும் ஏன் தொடல?"

"ஏற்கெனவே இருட்டு. அது மேல திரையும் போட்டு மூடவா?"

"திரை எங்கங்க மூடுது? சினிமா கொட்டாயில திரையிலதான எல்லாம் தெரியுது. திரை இல்லனா வெறும் சுவரு."

பேசினால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடும். விரலை மட்டும் திரைமேல் வைத்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, படத்துக்குள் பொழுது விடிந்தது. ஒரு படம் மேல் அதே படம், திரை. அதன்மேல் இன்னொன்று, திரை. ஒரே சுவரில் ஒரு ஃபோகஸ் அடித்து, அதே இடத்தில் இன்னொரு ஃபோகஸும் அடித்தால் எப்படி இருக்கும்? அதுதான் இது. பேப்பர்மேல் பேப்பர் பெருக்கு என்றால், விளக்குமேல் விளக்கு திரை. கறுப்பைத்தான் இது தள்ளுகிறது. சுடரும் கூடியது, ஆனால் ஓர் அளவுக்குமேல் கொதிக்காமல் விளக்கின் வாயிலேயே மரியாதையாக உட்கார்ந்திருந்தது. மூன்றாவது திரையில் மாப்பிள்ளையின் விரல்கள் வந்தன. நான்காவதில் மஞ்சள் கயிறு வந்தது. ஐந்தாவது திரை போட்டபோது படம் முழுக்க எறும்பு ஊர்வது போலப் புள்ளி ஓடியது, ஓடட்டும். முதல் முடிச்சு, இரண்டாம் முடிச்சு, மூன்றாம் முடிச்சு. அந்தச் சின்ன விளக்கின் பொன் நிறத்தில், என் ஹாலஜன்கூட இதுவரை கொடுக்காத ஒரு நிறத்தில், தாலி ஏறியது. நான் எழுந்து கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றினேன். தெருவில் போன பால்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். யார் கல்யாணம் என்று கேட்டார். அது முக்கியமில்லை, முடிச்சைப் பாரும் என்றேன்.

இன்னொன்றும் தெரிந்தது. பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். தலை குனிந்திருக்கிறது, உதட்டைக் கடித்திருக்கிறாள், தோள் குலுங்குகிறது. இருட்டில், தாலி ஏறும்போது, அடக்க முடியாத சிரிப்பு. ஓரக்கண் மட்டும் மேடையின் இடது பக்கம் போகிறது.

என் மனைவியின் கண்ணும் அந்தப் பக்கம் போனது. "அங்க ஒரு ஆள் நிக்கிறாரே, யாரு?"

வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, தலையில் தொப்பி. ஒற்றைக் காலில் நிற்கிறான். இன்னொரு காலில் ஒயர் சுற்றியிருக்கிறது. அதை உதறுகிறான், அவிழவில்லை. குதிக்கிறான். ஒயர் விறைத்துக்கொண்டு பிளக் பெட்டி வரைக்கும் போகிறது. இரண்டு கையும் பறக்க, கொக்கு ஒன்று வலையில் மாட்டியது போல, மூன்று முடிச்சு விழுகிற நேரம் முழுக்க அந்த ஆள் மேடையில் ஆடுகிறான்.

பூ நார் இல்லை. ஒயர். நான் இழுத்த ஒயர், என் கால்.

"அது நான் இல்ல" என்றேன்.

"ஆமாங்க, நீங்க இல்ல. உங்க சட்டை, உங்க தொப்பி, உங்க தொப்பை. ஆளு வேற" என்று சொல்லிவிட்டு அவள் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பொரியலுக்குச் சிரித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

நாற்பது வருடத்துப் பெயர். என்னால் இதைப் பத்துப் பேர் நடுவில் போட முடியுமா? நான் யார்? வெளிச்சத்தைக் கையால் தொட்டவன். உடனே ஒரு வெள்ளைக் காகிதம் எடுத்தேன். இடது ஓரத்தில் என் ஆட்டம் வரும் இடத்துக்குச் சரியாகக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் அப்பினேன். படம் பிடித்தேன், ஐந்து திரைக்கும் மேலே வைத்தேன், பெருக்கு. காகிதத்தின் வெள்ளையைப் பெருக்கித் தள்ளிவிட்டது, கறுப்பு மட்டும் என்மேல் விழுந்தது. தாலி தெரிகிறது, பெண் தெரிகிறாள், என்னைக் காணோம். திரையால் ஊரைக் காட்டி, பெருக்கால் என்னை மறைத்தேன். இந்த வித்தையைப் பெங்களூரில் படித்தவர்கள்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டார்கள்.

என் மனைவி சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "அப்ப அந்தப் பொண்ணு எதைப் பாத்து சிரிக்குது?"

நான் காதில் வாங்காதது போல இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லோடு ஆட்டோவிலேயே இருவரும் கீழ்பென்னாத்தூர் போனோம். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். இலை போட்டு, பாயசம் வரை முடிந்திருந்தது. எனக்கும் வைத்தார்கள், என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகமில்லை. தங்கச்சி பரிமாறிக்கொண்டிருந்தாள். முகம் கொத்தமல்லி வாடியது போல இருந்தது. அண்ணா வாங்க என்றாள், என் கையில் இருந்த டேப்லட்டைப் பார்த்தாள், வேறொன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயந்தாள்.

டேப்லட்டை டி.வி.யோடு ஒயரில் மாட்டினேன். ஒயர் மாட்டும்போது மச்சான், பாத்து பாய் என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

போட்டேன். கெட்டிமேளம். வெளிச்சமான மேடை, மாப்பிள்ளையின் கை, தாலி. இருட்டு வர வேண்டிய இடத்தில் எல்லாருடைய கழுத்தும் முன்னால் நீண்டது. இருட்டு வரவில்லை. பொன் நிறம் வந்தது. எறும்பு ஊர்கிற பொன் நிறத்தில் ஒவ்வொரு முடிச்சாக விழுந்தது. தங்கச்சி கரண்டியோடு டி.வி.க்குக் கிட்டத்தில் போய் நின்றாள். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் கரண்டி பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி, ஐந்து திரை போட்டேன் என்று ஆரம்பித்தேன்.

அத்தை குறுக்கே வந்தார். "தாலி நல்லா தெரியுது, இல்லங்கல. விளக்கு போயிடுச்சு, தாலி ஏறுது, பொண்ணு எதுக்கு சிரிக்குது? யாரைப் பாத்து சிரிக்குது?"

மாப்பிள்ளையே திரும்பிப் பெண்ணைப் பார்த்தார். தங்கச்சியின் முகத்தில் வந்த வெளிச்சம் அப்படியே இறங்கியது. பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். திரும்பவும் குனிந்துகொண்டாள்.

அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. இவளுக்கு முதலிலிருந்தே தெரியும். அம்மா பட்டினி கிடந்ததும், ஊர் பேசியதும் எல்லாம் தெரிந்தும், மாமாவின் பெயர் கெடக்கூடாது என்று நான்கு நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நானோ கறுப்பு மை அப்பிக்கொண்டு வந்து அவள் சிரிப்பை நடுவீட்டில் தனியாக நிறுத்தியிருக்கிறேன்.

"ஒரு நிமிஷம் இருங்க. ஒரு காயிதம் ஒட்டிக்கினு இருக்குது. எடுத்துட்றேன்" என்று சொல்லி, டேப்லட்டில் மேலே இருந்த அந்தக் கறுப்புக் காகிதத்தை விரலால் தொட்டு நீக்கினேன். மறுபடி போட்டேன்.

மேடையின் இடது பக்கத்தில் நான் வந்தேன். ஒற்றைக் காலில்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் மச்சான்தான் டி.வி.க்கு அருகில் போய், ஒயரை விரலால் தொட்டுக்கொண்டே வந்து, என் காலில் கொண்டுவந்து நிறுத்தினார். டி.வி.யில் இருந்த காலையும் பார்த்தார், தரையில் இருந்த காலையும் பார்த்தார்.

"மண்டபத்து சாக்கெட்டு லூஸா பாய்?"

"சாக்கெட்டு நல்லா டைட்டு மச்சான். நான்தான் லூசு" என்றேன். தங்கச்சியின் பக்கம் திரும்பிச் சொன்னேன். "அடையாளமும் இல்ல, ஒண்ணும் இல்ல தங்கச்சி. வெளக்கு தானா போகல. என் லைட் நின்னதே இல்லனு ஒரு பெரியவர்கிட்ட அளந்துக்கினு இருந்தேன். சொல்லி வாய மூடல, நானே உதைச்சு நிறுத்திட்டேன்."

அந்த வீட்டில் அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு வார்த்தை போதாது. மாப்பிள்ளை சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். சின்னப் பிள்ளைகள் ஆளுக்கொரு காலைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் குதித்தார்கள். பெண் வாயைப் பொத்திக்கொண்டு, மாமா அந்த நேரத்தில் பூ நாரைத் திட்டிக்கொண்டே குதித்ததையும், தன்னால் சிரிப்பை அடக்க முடியாமல் போனதையும், மூன்றாவது முடிச்சு விழுந்ததுகூடத் தனக்குத் தெரியாமல் போனதையும் விட்டு விட்டுச் சொன்னாள். அத்தை சிரிக்காமல் இருக்க எவ்வளவோ பார்த்தார். மூக்கு வழியாக வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தாலி வாங்கியவளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன், இவளை நாங்கள் அழ வைக்கவே முடியாது போலிருக்கிறது என்று அவரே சொன்னார். அப்படிச் சொன்னதற்காகவே அவரை நான் மன்னித்துவிட்டேன்.

தங்கச்சி மட்டும் டி.வி.யை விட்டு நகரவில்லை. மகளின் சிரிப்பைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், மறுபடி மகளைப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கும் வந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நான்கு நாள் சாப்பிடாதவள் மாதிரியா சிரித்தாள்? என் மனைவி அவளைப் பிடித்து உட்கார வைத்தாள், இலை போட்டு அவளே பரிமாறினாள். முதல் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டே தங்கச்சி சொன்னாள்.

"அண்ணா, முடிச்சு போதும். அந்தக் காலை மட்டும் இன்னொரு தரம் போடுங்க."

போட்டேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. திரும்பி வரும்போது லோடு ஆட்டோவில் இரண்டு மூட்டை மல்லாட்டை. கீழ்பென்னாத்தூர் பக்கம் இப்போது எந்த மண்டபத்தில் நுழைந்தாலும், பாய் வரார், ஒயரைத் தூக்குங்க என்கிறார்கள். சொல்லட்டும். என் லைட் நாற்பது வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் நின்றது, அதையும் நிறுத்த வேறு எவனாலும் முடியவில்லை, நானேதான் வர வேண்டியிருந்தது.